மலை வீட்டுக்கு எந்த ஸ்ப்ரேயர்? தகரம், ஜன்னல், சுவர்

கேள்வி, 2024 நவம்பர் 9

அண்ணா, குன்னூருக்கு மேலே எங்கள் தாத்தா காலத்து வீடு. தகரக் கூரை, பதினான்கு மர ஜன்னல், உள்ளே மூன்று அறை, வெளியே ஓர் இரும்புக் கேட். கையில் பிடித்து அடிக்கும் கரண்ட் ஸ்ப்ரேயர் நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அது ஒன்றை வாங்கினால் எல்லாவற்றையும் நானே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். பெரியப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

நவம்பர் 9, இரவு

பெரியப்பா சொல்வது பாதி சரி. ஒரே மிஷினில் நாலு வேலையும் ஆகாது. ஆனால் ஸ்ப்ரேயே வேண்டாம் என்பதும் சரியில்லை. கண்ணாடிக் கட்டம் போட்ட பதினான்கு ஜன்னலைப் பிரஷ்ஷில் அடித்தவனுக்குத்தான் அந்தத் தோள்வலி தெரியும்.

கோத்தகிரியில் இருபத்திரண்டு வருடமாகப் பெயிண்ட் வேலை பார்க்கிறேன். முதல் எட்டு வருடம் பிரஷ்ஷும் ரோலரும்தான். அப்புறம் கம்ப்ரசர், அப்புறம் ஏர்லெஸ், கடைசியாக டர்பைன் மிஷின்.

ஸ்ப்ரேயரில் இரண்டு ரகம். ஒன்று, காற்றை ஊதிப் பெயிண்டை உடைப்பது. கம்ப்ரசர் கன், டர்பைன், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் நாலாயிரம் ரூபாய் மிஷின் எல்லாம் அதில் சேரும். இன்னொன்று ஏர்லெஸ். அதில் காற்று கிடையாது. பம்ப் பெயிண்டையே 2000, 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒரு ஊசித்துளை வழியாகத் தள்ளும், பெயிண்ட் தானாக உடைந்து விசிறி மாதிரி விரியும்.

மலையில் ஏர்லெஸ்தான். வேறு பேச்சே இல்லை. காரணம் நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 10

காரணம் இங்கே இருக்கும் காற்று. கோத்தகிரியும் குன்னூரும் 1800 மீட்டரை ஒட்டி, ஊட்டி 2240 மீட்டர். நம் பக்கத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். மேட்டுப்பாளையத்தில் ஓடும் அதே கம்ப்ரசரை மேலே கொண்டுவந்தால் அது இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் காற்று குறைவு. மீட்டர் முள் அதே எண்ணைக் காட்டும், ஆனால் டேங்க் நிரம்ப நேரம் பிடிக்கும். மோட்டார் ஓயாமல் ஓடும், தலைப்பாகம் தொட முடியாமல் சுடும்.

என் முதல் கம்ப்ரசர் ஒரு குதிரைத் திறன். கோவையில் கடைக்காரர் ஓட்டிக் காட்டியபோது அருமையாக அடித்தது. இங்கே ஒரு பீரோ கதவு முடிவதற்குள் விசிறி சுருங்கி, பெயிண்ட் துப்ப ஆரம்பித்தது. கன்னைத்தான் மூன்று தடவை கழற்றிக் கழுவினேன். ஒரு வாரம் கழித்துத்தான் காற்று போதவில்லை என்று உறைத்தது. அந்த அளவு கம்ப்ரசர் நிமிடத்துக்கு மூன்று நாலு கன அடிதான் தரும். பெரிய கன்களுக்கு அதில் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். இதில் மலைக்கு வேறு கழிவு.

ஏர்லெஸ் பம்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது அமுக்குவது பெயிண்டை. பெயிண்டுக்கு மலையும் ஒன்றுதான், மதுரையும் ஒன்றுதான்.

நவம்பர் 11

கன்னின் முனையில் மாட்டும் டிப்பின் எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏர்லெஸ் டிப்பில் 517 என்று போட்டிருந்தால் 5 விசிறியின் அகலம், ஐந்து அங்குலம். 17 என்பது துளை, ஆயிரத்தில் பதினேழு அங்குலம். எனாமல், வார்னிஷுக்கு 09 முதல் 13 வரை. சுவர் எமல்ஷனுக்கு 15 முதல் 19. வெளிச்சுவருக்கு அடிக்கும் கெட்டியான பெயிண்டுக்கு 21க்கு மேல். துளை பெரிதானால் பம்பும் பெரிதாக இருக்க வேண்டும். சின்ன மிஷினில் 21 மாட்டினால் அழுத்தம் விழுந்து, விசிறியின் இரண்டு ஓரத்திலும் வால் மாதிரி கோடு விழும்.

நவம்பர் 12

நேற்று எழுதியதில் தப்பு. முதல் எண்ணை இரட்டிப்பாக்க வேண்டும். 517க்கு விசிறி பத்து அங்குலம், அதுவும் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்தால். அவசரத்தில் எழுதிவிட்டேன், அதை நம்பி யாரும் டிப் வாங்கிவிடாதீர்கள்.

டிப் தேயும். துளை நீள்வட்டத்திலிருந்து வட்டமாகும், விசிறி சுருங்கும், பெயிண்ட் அதிகமாகக் கொட்டும். புது டிப்பில் ஓர் அட்டையில் ஒரு கோடு அடித்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து அங்குலம் ஏழரையாகிவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். பழையதிலேயே ஓட்டினால் டிப்பின் விலையை விட வீணாகும் பெயிண்டின் விலை அதிகம்.

நவம்பர் 15

நான்கு நாளாக மழை விடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வெளி வேலைக்கு ஆள் கூப்பிடுவதே பாவம். ஊட்டி, கூடலூர்க்காரர்களுக்கு ஆடி மழை, நமக்கு இது.

வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில், 9ஆம் தேதி "வேறு பேச்சே இல்லை" என்று எழுதியது என்னை உறுத்துகிறது. அதைத் திரும்பப் பெறுகிறேன். பெரிய பரப்புக்கு ஏர்லெஸ் என்பது மாறவில்லை. ஆனால் உங்கள் வேலையில் பாதி ஜன்னல். ஒரு அங்குலச் சட்டத்துக்குப் பத்து அங்குல விசிறியை எடுத்துக்கொண்டு போனால் பெயிண்டில் முக்கால்வாசி காற்றோடு போகும். சின்ன டிப்பான 311 போட்டாலும் விசிறி ஆறு அங்குலம். அதோடு 15 மீட்டர் ஹோஸில் மட்டும் அரை லிட்டர் பெயிண்ட் நிற்கும். ஒரு லிட்டர் எனாமல் வாங்கி ஜன்னல் அடிப்பவருக்கு அது கட்டுப்படியாகுமா?

ஜன்னலுக்கும் கேட்டுக்கும் டர்பைன்தான். கடையில் எச்.வி.எல்.பி. என்பார்கள். நிறையக் காற்று, குறைந்த அழுத்தம்; கன் முனையில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. அடிக்கும் பெயிண்டில் மூன்றில் இரண்டு பங்காவது பொருளில் ஒட்டும். பழைய கம்ப்ரசர் கன்னில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினால் பெரிது, மீதி புகையாகிப் பக்கத்து வீட்டுத் துணியில் இறங்கும்.

டர்பைனும் காற்றை நம்புவதுதானே, மலையில் அதுவும் இளைக்காதா என்று கேட்பீர்கள். இளைக்கும். ஸ்டேஜ் என்பது உள்ளே அடுத்தடுத்துக் காற்றைத் தள்ளும் விசிறிகளின் எண்ணிக்கை. அதனால் கீழே மூன்று ஸ்டேஜ் போதும் என்பவரிடம் நாலு ஸ்டேஜ் கேட்டு வாங்குங்கள். டர்பைன் காற்று கொஞ்சம் சூடாக வரும், அதனால் கம்ப்ரசர் மாதிரி ஹோஸில் தண்ணீர் கோக்காது. நம் ஈரத்தில் அது பெரிய நிம்மதி.

நவம்பர் 16

நாலாயிரம் ரூபாய் மிஷினும் டர்பைன் ஜாதிதான், ஆனால் ஒரே ஸ்டேஜ். மோட்டாரின் வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். பெயிண்டை ரொம்ப இளக்கினால்தான் அது தூவும். ரொம்ப இளக்கினால் எமல்ஷன் சுவரில் மூடாது, இரண்டு கோட்டில் முடிவது நாலாகும். எனாமல் வழியும். வேலிக்கம்பி, மூங்கில் தட்டி, மரப்பெட்டிக்கு வார்னிஷ் என்றால் தாராளமாக வாங்கலாம். என் தங்கை வீட்டுக்காரர் தேனீப்பெட்டிகளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறார், மூன்று வருடமாக நன்றாக உழைக்கிறது.

நவம்பர் 24

இன்று ஒரு மணி நேரம் வெயில் வந்தது. ஒரு சோதனை செய்தேன்.

பெயிண்டின் கெட்டியைப் பார்க்க அடியில் துளை போட்ட கப் ஒன்று விற்பார்கள். முக்கி எடுத்து, ஒழுகி முடிய எத்தனை விநாடி என்று எண்ணுவது. டர்பைன் கன்னுக்கு எனாமல் 20 முதல் 30 விநாடிக்குள் ஒழுக வேண்டும். காலை ஏழரைக்குத் திண்ணையில் இருந்த டப்பாவில் எடுத்தேன், 52 விநாடி. தின்னர் ஒரு சொட்டு ஊற்றவில்லை. டப்பாவை வெந்நீர் அண்டாவில் அரை மணி நேரம் இறக்கி வைத்துக் கலக்கிவிட்டு எடுத்தேன், 33. கால் டம்ளர் தின்னர் போதுமானதாக இருந்தது.

குளிரில் பெயிண்ட் கெட்டிப்படுகிறது, நாம் தின்னரை ஊற்றி ஊற்றி இளக்குகிறோம், மதியம் வெயில் ஏறியதும் அதே பெயிண்ட் தண்ணீராகி வழிகிறது. மிஷின் சரியில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு மிஷினில் கோளாறே இல்லை. அண்டாவைத் தரையில் வையுங்கள், எனாமலை ஒருநாளும் அடுப்பில் ஏற்றாதீர்கள், பற்றிக்கொள்ளும்.

டிசம்பர் 3

தேக்குக் கதவைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். என் பெரிய நஷ்டம் ஒன்று அதில்தான். ஊட்டியில் ஒரு பங்களா, ஆடி மாதம், சாரல். தேக்குக் கதவுக்கு லேக்கர் அடித்தேன். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, பத்தே நிமிடத்தில் பால் ஊற்றிய மாதிரி வெளுத்தது. லேக்கரில் இருக்கும் தின்னர் சட்டென்று பறந்து கதவின் மேல்பரப்பைக் குளிர்விக்கிறது; காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் பனியாக இறங்கிப் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. வீட்டுக்காரம்மா கதவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மெதுவாகப் பறக்கும் ரிட்டார்டர் தின்னரை வாங்கிவந்து, மேலாக ஒரு மெல்லிய தூவல் அடித்ததும் வெளுப்பு கலைந்தது. அன்றிலிருந்து மழை மாதத்தில் லேக்கர் கிடையாது. சுவரோ மரமோ தகரமோ, காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினாலும், பரப்பின் சூடு பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் பனியாக இறங்கும் சூட்டை) விட 3 டிகிரியாவது மேலே இல்லாவிட்டாலும் கன்னை எடுப்பதில்லை. இரண்டையும் காட்டும் சின்ன மீட்டர் பெட்டியிலேயே கிடக்கிறது.

இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. பாலிஷை வீட்டில் நீங்களாகவே ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் ஆயுசுக்கும் மூச்சு இழுப்பு. துணி மாஸ்க் அதற்குச் சல்லடை மாதிரி.

டிசம்பர் 19

பெரிய வேலை. மார்கழியில் படுகர்களின் எத்தையம்மன் பண்டிகை. அதற்குள் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வீடு எல்லாம் வெள்ளையடித்தாக வேண்டும். எங்கள் வருடத்தில் கை நிறைய வேலை வருவதும் இப்போதுதான், பெயிண்டுக்கு ஒவ்வாத குளிர் இறங்குவதும் இப்போதுதான். பத்து டிகிரிக்குக் கீழே எமல்ஷன் படலம் ஒழுங்காகச் சேராது. மாலை நாலு மணிக்கு அடித்த சுவர் காய்வதற்குள் பனி இறங்கினால், காலையில் விரல் வைத்த இடத்தில் மாவு மாதிரி வருகிறது. பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்குக் கழுவி வைத்துவிடுகிறோம்.

இங்கே நான் மிஷினை இறக்கவே இல்லை. ஹட்டியில் வீடுகள் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. என் புகை பக்கத்து வீட்டுக் கதவில் போய் ஒட்டும். பண்டிகை நாளில் அந்த மனஸ்தாபம் யாருக்கு வேண்டும்? ரோலர்தான். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சாமானெல்லாம் இருக்கும்போது மூடி மறைக்க மூன்று மணி நேரம், அடிக்க இருபது நிமிடம், மிஷின் கழுவ முக்கால் மணி. ரோலரில் அதற்குள் ஒரு கோட் முடிந்திருக்கும். ஆகவே உங்கள் மூன்று அறைக்கும் ஸ்ப்ரேயை மறந்துவிடுங்கள். காலி வீடு, புதுச் சுவர் என்றால் மட்டும் ஏர்லெஸ். அடித்த கையோடு பின்னாலேயே ஒருவர் ரோலர் உருட்டிக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் பூச்சின் குழிகளுக்குள் இறங்கும்.

2025 ஜனவரி 12

பண்டிகை நல்லபடியாக முடிந்தது.

இன்று ஒரு விஷயம் நடந்தது, கை இன்னும் நடுங்குகிறது. ஏர்லெஸ் டிப் அடைத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பையன் துடைப்பதற்காக விரலை நேராகத் துளை மேல் கொண்டுபோனான். கன்னின் விசைக்குப் பூட்டுப் போடவில்லை, அழுத்தம் இறக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். அந்த அழுத்தத்தில் பெயிண்ட் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். வெளியே முள் குத்திய அளவுதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். விரலை எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. கழுவி மருந்து போட்டு வீட்டில் உட்காரும் காயமில்லை. அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தப் பெயிண்ட் என்று டப்பாவையும் காட்ட வேண்டும்.

முதலில் பூட்டு. பிறகு மிஷினை அணைத்து, பிரைம் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, கன்னை வாளிக்குள் ஒருமுறை அழுத்தி, மறுபடியும் பூட்டு. அப்புறம்தான் டிப்பில் கை. அடைப்பை எடுக்க டிப்பைத் திருப்பி வைத்து வாளிக்குள் அடித்தாலே போதும், விரலுக்கு வேலையே இல்லை. பையனைப் பத்து தடவை செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனோம்.

பிப்ரவரி 2

ஜன்னலைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள்.

தாத்தா காலத்து ஜன்னலில் அடுக்கடுக்காகப் பெயிண்ட் இருக்கும். போன வருடம் ஒரு பழைய வீட்டில் சட்டத்தின் மூலையை பிளேடால் சரித்துச் சீவிப் பார்த்தேன். மேலே வெள்ளை, அடியில் காப்பிக்கொட்டை நிறம், அதற்கடியில் இரண்டு பச்சை, அப்புறம் வெண்ணெய் நிறம், கடைசியில் மரத்தை ஒட்டி ஒரு சாம்பல். அரை விரற்கடைக்குள் அந்த வீட்டின் கதை முழுக்க இருந்தது. அந்த அடி அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகள் தவழும் தரைக்கு வரும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளாக வாங்கி, ஈரத்தில் தேய்த்து, துணியில் துடைத்து எடுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேட்டுக்கு ஊட்டி ரயில் பெட்டி நீலம் அடிக்க ஆசை என்றீர்கள். அருமையான நிறம். என்னிடம் வருடத்துக்கு இரண்டு பேராவது அதைக் கேட்கிறார்கள். டப்பாவில் அந்தப் பெயரில் கிடைக்காது, மிக்ஸிங் மிஷின் கடையில் ஒரு போட்டோவைக் காட்டிக் கலந்து வாங்குங்கள். கூடவே வெண்ணெய் நிறத்தில் ஒரு கோடு விட்டால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

பிப்ரவரி 16

கூரைக்கு வருவோம். இப்போது வானம் வெறிச்சென்று இருக்கிறது, இதுதான் நேரம். பத்து மணி முதல் காற்று கிளம்பும் வரை.

துருப்பிடித்த இடத்துக்கு முதல் கோட் பிரஷ்தான், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்ப்ரே துருத்தூளின் மேலே போர்வை மாதிரி படியும், பிரஷ் அதற்குள் தேய்த்து இறக்கும். அதோடு ரெட் ஆக்ஸைடு பிரைமர் பலவற்றில் ஜிங்க் குரோமேட் கலந்திருக்கும். அது புற்றுநோய் தரக்கூடியது, அதைப் புகையாக்கி மூச்சில் இழுக்கக் கூடாது. மாற்றி வைத்த புது ஜிங்க் ஷீட் இரண்டு மூன்று இருப்பதாகச் சொன்னீர்கள். அதில் எனாமலை நேராக அடித்தால் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரியாகி இரண்டு மழைக்குள் உரிந்து தொங்கும். எட்ச் பிரைமர் கேட்டு வாங்குங்கள்.

மேல் கோட்டுக்கு ஏர்லெஸ், 515 டிப். விலைக்கு வாங்க வேண்டாம், நாள் வாடகைக்குக் கோவையில் கிடைக்கும். நெளித்தகரத்தில் ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு நெளியின் மறுசரிவும் நிழல் மாதிரி மெலிந்து நிற்கும். போகும்போது ஒரு சரிவு, வரும்போது மறுசரிவு.

உங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலை. காற்று மேலேறினால் சரி, கீழிறங்கினால் கொழுந்தில் படும். ஒரு குச்சியில் நூல் கட்டி கூரை ஓரத்தில் நட்டு வையுங்கள். நூல் தோட்டத்தின் பக்கம் படுத்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

பிப்ரவரி 18

வயரைப் பற்றி எழுத விட்டுப்போனது. நவம்பரில் ஏர்லெஸ்ஸுக்கு மலை ஒரு பொருட்டில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தேன். அழுத்தத்துக்குத்தான் அது சரி. மோட்டாருக்கு வோல்டேஜ் வேண்டுமே. சாயங்காலம் நம் ஊரில் பல்பு மங்கும் நேரத்தில் அது முனகும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை ஐம்பது மீட்டர் இழுத்தால் இன்னும் மோசம், சுருள் சூடாகி உருகியதைப் பார்த்திருக்கிறேன். மிஷினை 15 ஆம்ப் பிளக் பக்கத்திலேயே வைத்து, வயருக்குப் பதில் ஹோஸை நீட்டுங்கள்.

மார்ச் 9

கேள்வி கேட்ட தம்பி அழைத்ததால் நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூரை முடிந்திருக்கிறது, பச்சை. புகைப்போக்கியை ஒட்டிய ஒரு நெளியில் மட்டும் மறுசரிவு மெலிவாகத் தெரிந்தது, பிரஷ்ஷில் தொட்டுவிடச் சொன்னேன். ஜன்னலில் ஒன்பது ஆகிவிட்டது. என் டர்பைனைக் கொடுத்திருந்தேன். மூன்றாவது ஜன்னலிலிருந்து தம்பியின் கை நன்றாகவே படிந்திருக்கிறது, சட்டத்தின் ஓரத்தில் ஒரு வழிசல் இல்லை. அறைகளைப் பெரியப்பாவே ரோலரில் முடித்துவிட்டார், எழுபத்தோரு வயதில்.

ஹோஸில் நின்ற அரை லிட்டர் பச்சையைக் கொட்ட மனமில்லாமல் கோழிக்கூட்டின் கதவுக்கு அடித்திருக்கிறார்கள். கேட்டும் மீதி ஐந்து ஜன்னலும் பாக்கி. டர்பைன் அடுத்த ஞாயிறு வரை அங்கேயே இருக்கட்டும்.